கவனித்து எழுதும் மதிப்பீடு: முன்பள்ளியில் சில வருடம் பாவித்த பிறகு

முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்காமல், அவர்கள் விளையாடும்போதும் சாப்பிடும்போதும் சண்டை பிடிக்கும்போதும் பார்த்து எழுதி, அதை வைத்து வளர்ச்சியைக் கணிக்கும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்லித் தருகிறார்கள். வருடக்கணக்காகச் செய்தால் அது எப்படியிருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. திருகோணமலையில், கடற்கரைக்குக் கிட்ட உள்ள ஒரு சின்ன முன்பள்ளியில் சில வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முறை நல்லது, ஆனால் எழுதியதை அந்தந்த வாரமே திரும்ப வாசிக்காவிட்டால் கொப்பி நிரம்பும், வேறொன்றும் நடக்காது. தவணை முடிவில் ஃபைல் தடிப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்பவர்கள் பேசாமல் பழையபடி ‘நன்று, மிக நன்று’ போட்டுக் கொடுக்கலாம். நேரமாவது மிஞ்சும்.

வெளிநாடுகளில் இதற்கென்று பெரிய ஏற்பாடுகளே உண்டு. அமெரிக்காவில் பரவலாக இருக்கும் டீச்சிங் ஸ்ட்ராட்டஜிஸ் கோல்ட் என்பதில் 38 இலக்குகள், எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை நிறப் பட்டைகளால் காட்டுவார்கள், ஆசிரியர் தான் பார்த்ததை வைத்துப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். நியூசிலாந்தில் மார்கரெட் கார் கொண்டுவந்த ‘கற்றல் கதைகள்’ வேறு மாதிரி: படி, புள்ளி ஒன்றுமில்லை, பிள்ளை செய்த ஒன்றை அந்தப் பிள்ளைக்கே கடிதம் போல எழுதுவது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஃபெரே லேவர்ஸ் உருவாக்கிய அளவுகோல் பிள்ளை எவ்வளவு ஆழ்ந்து ஈடுபடுகிறது என்பதை 1 முதல் 5 வரை பார்க்கும். காசு கட்டிப் பாவிக்கும் எதுவும் எங்களுக்குச் சரிவராது. ஆகவே இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம்: சட்டைப் பையில் ஒரு குட்டிக் கொப்பி, பிள்ளைக்குச் சில பக்கமாகப் பிரித்த ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி), பிள்ளைக்கு எதெது வருகிறது என்று தவணைக்கு ஒரு தரம் சரி போட்டு நிரப்பும் பட்டியல், பிள்ளைகள் கீறியது ஒட்டியதெல்லாம் போட ஆளுக்கொரு ஃபைல்.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. திகதி, நேரம், இடம், யாரோடு, என்ன செய்தது, என்ன சொன்னது, அவ்வளவுதான். ‘கெட்டிக்காரன்’, ‘குழப்படி’, ‘வெட்கம்’ என்ற சொற்களுக்குக் கொப்பியில் இடமில்லை. ‘நன்றாக எண்ணுவான்’ என்று எழுதினால் அடுத்த வாரம் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘சிப்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான், ஐந்து வரை சரி, ஆறாவதை இரண்டு தரம் தொட்டான், வாயில் மட்டும் இருபது வரை ஓடியது’ என்று எழுதினால், வாய்ப்பாடமாக எண்ணுவதற்கும் ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று பொருத்துவதற்கும் இடையில் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியும். நாளைக்கு எத்தனை சிப்பி வைக்கலாம் என்பதும் அதிலிருந்தே வருகிறது.

இன்னொரு குறிப்பு. நாலு பையன்கள் வெங்காயச் சாக்கு வலையில் கயிறு கட்டி மணலில் கரைவலை இழுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பார்த்துப் பழகிய வேலை, அப்பாவோ மாமாவோ இழுப்பவர். வலைக்குள் சிப்பியும் போத்தல் மூடியும். ஒருவன் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரன், கயிற்றைத் தொடவே இல்லை, கரையில் நின்று சத்தம் போட்டான், கடைசியில் பங்கு பிரித்தான்: “உனக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு, எனக்கு நாலு, வலை என்ர.” ஒருவன் அழுதபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு நீ சம்மாட்டி” என்றான். பத்து நிமிடத்துக்குள் எண், பங்கீடு, மொழி, பெருந்தசை இயக்கம், இன்னொருவனைச் சமாதானப்படுத்துவது, தொழிலில் வலைக்காரருக்குத் தனிப்பங்கு உண்டு என்ற அறிவு எல்லாம் வந்துவிட்டது. இதே பையனிடம் எண்ணி வட்டம் போடும் தாளைக் கொடுத்தால் பாதியில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். தாளை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால் ‘எண்ணில் பின்தங்கியுள்ளார்’ என்றுதான் வீட்டுக்குப் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் போன பிறகு அரை மணித்தியாலம் உட்கார்ந்து அந்த வாரத்தை வாசிப்போம். முதலில் கண்ணில் படுவது வெறும் பக்கங்கள். குழப்படி செய்யும் பிள்ளைக்கும் நிறையக் கதைக்கும் பிள்ளைக்கும் பக்கம் நிரம்பிவிடும். ஒரு ஓரமாக இருந்து புளொக் அடுக்கிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் தானே மூடிவிட்டு, ஒரு சோலியும் இல்லாமல் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு வரிகூட இருக்காது. எந்த முன்பள்ளியிலும் அப்படிச் சில பிள்ளைகள் உண்டு. அவர்களின் பெயரை அடுத்த வாரக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவோம். இந்த முறையில் எனக்குப் பிடித்தது இதுதான்: யாரைப் பார்க்கவில்லை என்பதை அது காட்டிவிடுகிறது.

சில நேரம் குறிப்புகள் ஒன்றோடொன்று கதைக்கும். ஒரு பிள்ளையின் பக்கத்தில் வெவ்வேறு நாட்களில் இப்படி இருந்தது: ‘கதை நேரம், கடைசி வரிசை, பெயர் சொல்லிக் கூப்பிட்டது, திரும்பவில்லை.’ ‘மணலில், முன்னால் குந்தியிருந்து கேட்டதும் உடனே பதில்.’ ‘மழை, தகரத்தில் சத்தம், பாட்டுக்கு மற்றவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள்.’ தனித்தனியாகப் பார்த்தால் கவனம் குறைவு என்று தோன்றும். சேர்த்து வாசித்தபோது காதைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. அம்மாவிடம் கேட்டால், சளி விட்டபாடில்லை என்றார். ஆஸ்பத்திரியில் காட்டியதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. இந்த வயதில் அடிக்கடி வருவதுதான், பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நோயைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி பெற்றோரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியோடு மிட்வைஃபையோ டொக்டரையோ பார்க்கச் சொல்வதோடு நிறுத்த வேண்டும். ‘உங்கட பிள்ளைக்கு இதுவாக இருக்கலாம்’ என்று பெயர் வைக்கும் டீச்சர்மாரைக் கண்டால் எனக்குப் பயம்.

இனிக் குறைகள். பட்டியல்தான் முதல் எதிரி. தவணைக் கடைசியில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே இருப்பில் சரி போட்டால், கடைசி இரண்டு கிழமை நினைவும் அந்தப் பிள்ளை மீது இருக்கும் பொதுவான விருப்பு வெறுப்பும்தான் தாளில் வரும், பார்த்தது வராது. குறிப்பு இல்லாத இடத்தை வெறுமையாக விடலாம் என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்த பிறகுதான் அது கொஞ்சம் உருப்பட்டது. பட்டியல்கள் எந்த ஊரில் எழுதப்பட்டன என்பதும் தெரியும். கரண்டியும் முள்ளும் பிடிக்கிறதா, சப்பாத்து நாடா கட்டுகிறதா என்று கேட்கும். எங்கள் பிள்ளைகள் செருப்போடு வந்து கையால் சாப்பிடுகிறார்கள். புட்டையும் வாழைப்பழத்தையும் மூன்று விரலால் பிசைந்து சிந்தாமல் வாய்க்குள் கொண்டுபோகிற பிள்ளைக்கு விரல் நுண்ணசைவு வரவில்லை என்று யார் சொல்வது? அந்த வரிகளை வெட்டிவிட்டு எங்களுடையதை எழுதிக்கொண்டோம். மொழியும் அப்படித்தான். கோல்டின் கடைசி இரண்டு இலக்குகள் பிள்ளை ஆங்கிலம் பழகுவதைப் பற்றியவை, அது அங்கே தேவை. இங்கே அம்மாவோடு தமிழிலும் அப்பாவோடு சிங்களத்திலும் கதைக்கும் பிள்ளை வகுப்பில் பேசாமல் இருந்துவிட்டு, பொம்மையைத் தூங்க வைக்கும்போது மட்டும் சிங்களத்தில் நீளமாகக் கதைக்கும். அதை எழுத எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை, ஆனால் பேச்சு வந்துவிட்டதா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலும் இல்லை.

போன் பற்றிச் சுருக்கமாக. படம் எடுக்க லேசு, ஆனால் போனைத் தூக்கியதும் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும், அந்தப் படத்தால் பிரயோசனமில்லை. கட்டி முடித்த கோட்டையை எடுக்கலாம், கட்டும் பிள்ளையைக் கையால் எழுதுவதே நல்லது. மற்றப் பிள்ளைகளும் இருக்கும் படத்தைப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இருவர் எழுதுவது பெரிய உதவி. ஒரே பத்து நிமிடத்தை நானும் உதவி ஆசிரியையும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்போம். நான் ‘தள்ளினான்’ என்று எழுதியதை அவ ‘கையைப் பிடித்து இழுத்தான், மற்றவன் சறுக்கினான்’ என்று எழுதியிருப்பா. யாருக்கு எந்தப் பிள்ளையில் பட்சம் என்பதும் வெளியில் வரும், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வோம். ஒரே ஆள் நடத்தும் முன்பள்ளிகளுக்கு இது முடியாது, அவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் குறிவைத்தால் போதும். மார்கழி மழையில் வெளியே விட முடியாத கிழமைகளில் ஓட்டம், பாய்ச்சல் பற்றி ஒரு குறிப்பும் சேராது, அது பரவாயில்லை.

பெற்றோர்தான் கஷ்டம் என்று நினைப்பீர்கள், பாதி உண்மை. ஐந்தாம் தரத்திலேயே புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிற நாட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கும் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்பார்கள்தான். “டீச்சர், அது சரி, எத்தினையாம் பிள்ளை?” என்று கேட்ட ஒரு அப்பாவிடம் கரைவலைக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். “வலை என்ர” என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு வீட்டில் இவன் என்னென்ன பிரித்துக் கொடுக்கிறான் என்று அவர்தான் கதைத்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் அப்படி இல்லை. சிலருக்கு எழுத்து வேண்டும், கொப்பியில் ‘அ’ வேண்டும், அவர்களிடம் வாதாடுவதில்லை. பிள்ளை பென்சில் பிடிக்கும் விதம் போன தவணைக்கும் இந்தத் தவணைக்கும் எப்படி மாறியிருக்கிறது என்பதை, முழுக் கையால் பொத்திப் பிடித்ததிலிருந்து மூன்று விரலுக்கு வந்ததை, திகதி போட்ட கீறல்களோடு காட்டுவேன். எழுத்துக்கு முன்னால் கை தயாராக வேண்டும் என்பது அதைப் பார்த்தாலே விளங்கும்.

தரம் 1க்குப் போகும்போது முழு ஃபைலையும் கொடுத்தனுப்பினால் யாரும் திறப்பதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகள். அதனால் ஃபைலை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். பாடசாலைக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளைக்கு ஒரு பக்கம், அதிலும் பிள்ளை எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கும், எதற்கு உதவி கேட்கும், அழுதால் எப்படி ஆறும் என்ற மூன்று விஷயம் மட்டும். அதை வாசித்துவிட்டு, ஆறவைக்கும் விதம் பற்றி மேலும் கேட்க ஒரு டீச்சர் ஜனவரியில் போன் எடுத்தா.