வாட்ச் சொல்வதா, மார்புப் பட்டை சொல்வதா?

குலசேகரம் பக்கம் அப்பா விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டப் போய்விடுவார். வேலை நேரத்தில் அவருடைய இதயத் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. மார்பில் கட்டும் பட்டையை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே நாளில் கட்டிவிட்டேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்தான். மரத்துக்கு மரம் நடக்கத் தொடங்கியதும் வாட்ச் 118 என்றது, பட்டை 92 என்றது. பின்னாலேயே நடந்து அப்பாவின் காலடிகளை எண்ணினேன். நிமிடத்துக்கு 117! வாட்ச் நடையைத்தான் எண்ணியிருக்கிறது.

வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்துகிறது. ரத்தம் அதை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி துளியளவு மாறும். கை வீசும்போது உண்டாகும் மாற்றமோ அதைவிடப் பெரிது. ஓங்கி ஒலிக்கிற தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஏமாற வேண்டிவரும். அசைவை அளக்கும் சென்சார் அதே வாட்சில் உண்டு, அதை வைத்து நடையின் தாளத்தைக் கழிக்கவும் முடியும். ஆனால் நடையும் துடிப்பும் ஒரே வேகத்தில் வந்துவிட்டால், கழிக்கும்போது துடிப்பும் சேர்ந்து போய்விடுகிறது. சிக்கலே இங்கேதான். கத்தி பிடிக்காத கையில், மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டினால் பிழை குறையும், முழுதாகப் போகாது.

பட்டை எடுப்பது இதயத்தின் மின்சாரத்தை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசிமுனை போல ஒரு எழுச்சி வருவதால் பிரித்தெடுப்பது எளிது. இந்த எழுச்சியைக் கண்டுபிடிக்க 1985-இல் வந்த பான்–டாம்ப்கின்ஸ் என்ற கணக்கு முறை, நொடிக்கு 5 முதல் 15 தடவை அதிரும் (5–15 ஹெர்ட்ஸ்) பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அது எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்ற சரிவைக் கண்டு, அதை வர்க்கப்படுத்தி அந்த முனையைத் தூக்கிக் காட்டுகிறது. பட்டைக்கும் குறை உண்டு. தோல் காய்ந்திருந்தால் தாறுமாறாகக் காட்டும்; தண்ணீர் தொட்டுத்தான் கட்ட வேண்டும். வியர்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

விரலில் மாட்டும் கிளிப்? உட்கார்ந்திருக்கும்போது மட்டும். துடிப்பே ஒழுங்கில்லாமல் வருபவர்களுக்கு இவை எதையும் நம்பச் சொல்ல மாட்டேன். ஈசிஜி எடுக்க வேண்டும்.

அப்பாவின் நோட்டில் இப்போது வேலை நேரத்துக்குப் பட்டையின் எண், தூக்கத்துக்கு வாட்சின் எண். சந்தேகம் வந்தால் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து முழு நிமிடம் எண்ணிக்கொள்கிறார்.