கிளீன் வெர்ஷன் கேட்டுட்டு கார் ஸ்பீக்கர சந்தேகப்பட்டவன் எழுதுற ரிவ்யூ

போன மாசம் சென்னை ஜிபி ரோட்டுல ஒரு கார் செட்டு கடைக்குப் போயி, அண்ணே பாட்டு விட்டு விட்டு வருது, ப்ளூடூத்தா இல்ல எங்கயாச்சும் ஒயர் லூஸான்னு பாருங்கன்னு வண்டிய விட்டேன். அவரு எதையும் கழட்டல. மொதல்ல அவரு போன கனெக்ட் பண்ணி ஒரு இளையராஜா பாட்டு போட்டாரு, ஜம்முன்னு ஓடுச்சு. அப்புறம் என் போன்ல இருந்த ராப் பாட்டு, கரெக்டா ஒரு இடத்துல கட். திரும்பப் போட்டாரு, திரும்பவும் அதே இடம். "சார், செட்டு நல்லாத்தான் இருக்கு, பாட்டுலதான் ஓட்டை"ன்னு சிரிச்சாரு, காசும் வாங்கிக்கல.

விஷயம் என்னன்னா பையனுக்கு 11 வயசு, ராப் பைத்தியம் புடிச்சிருக்கு, ஸ்கூல் போறப்ப பின் சீட்டுல எங்கம்மாவும் வருவாங்க, அதனால பாட்டு ஆப்ல கெட்ட வார்த்த பாட்ட தடுக்குற எக்ஸ்ப்ளிசிட் ஃபில்டர ஆன் பண்ணி வச்சேன் (ஆப் பேரு வேணாம், மாசாமாசம் காசு கட்டுற ஆப்தான்). ஆன் பண்ணா அதுவா கெட்ட வார்த்தைய வெட்டின கிளீன் வெர்ஷனுக்கு மாத்திக்கும்னு நெனச்சேன், அதெல்லாம் இல்ல. எக்ஸ்ப்ளிசிட்டுக்கு அடையாளமா 'E'ன்னு குட்டிக் கட்டம் போட்ட பாட்டெல்லாம் சாம்பல் கலர்ல செத்துப்போயி கெடக்கும், அவ்ளோதான். கிளீன் ஆல்பத்த நாமளே தேடணும். அதே அட்டை, அதே பேரு, அந்தக் கட்டம் மட்டும் இருக்காது, அவசரத்துல நான் ரெண்டு தடவ மாத்தி டவுன்லோட் பண்ணிட்டேன்.

இந்த ரெண்டு மாசத்துல கிளீன் ஆல்பம் நெறைய கேட்டாச்சு, எல்லாம் ஒரே தரம் இல்ல. வெட்டுறதுலயே பல டைப் இருக்கு. குரல் தனி ட்ராக்கா கையில இருக்குறவங்க வார்த்தைய மட்டும் அமுக்குவாங்க, பீட்டு அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும், நம்ம தலை ஆடுறது நிக்காது. சில பேரு வார்த்தைய தலைகீழா திருப்பிப் போடுவாங்க, ஏதோ மாவு மெஷின்ல துணி மாட்டின மாதிரி ஒரு சத்தம். சில பேரு ஸ்க்ராட்ச் சவுண்டு, துப்பாக்கி சவுண்டு வச்சு மூடுவாங்க. இருக்குறதுலயே மோசம் மொத்தப் பாட்டையும் அர செகண்டு மியூட் பண்றது, பேஸோட சேத்து எல்லாம் அவுட், நான் ஜிபி ரோடு போனது இதுக்குத்தான். இருக்குறதுலயே மரியாதையான வேல, பாடுனவரே வேற வார்த்த போட்டு திரும்பப் பாடிக் குடுக்குறது, ஆனா அது ரொம்ப கம்மி.

இதுல உச்சம்னா அமெரிக்க ராப்பர் எமினெமோட 2000 ஆல்பம், 'தி மார்ஷல் மேத்தர்ஸ் எல்பி'. அதுல பொண்டாட்டிய கொல்ற மாதிரி ஆறு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு, பேரு 'கிம்'. அத எங்கன்னு வெட்டுறது, எதத் தொட்டாலும் வெட்டணும், அதனால கிளீன் வெர்ஷன்ல பாட்டையே தூக்கிட்டு 'தி கிட்ஸ்'னு வேற ஒரு பாட்ட வச்சுட்டாங்க. சாம்பார் கேட்டா ரசம் ஊத்துற கத. இப்டி நடுவுல எல்லாம் இடைவெளியா வர்ற ஆல்பத்த ஏன் போட்டாங்கன்னு கேட்டா, அமெரிக்கால வால்மார்ட் பெத்தவங்கள எச்சரிக்குற அந்த கருப்பு வெள்ள பேரண்டல் அட்வைசரி முத்திர குத்தின ஆல்பத்த கடையில வைக்கவே மாட்டேன்னுடுச்சு, அவ்ளோ பெரிய கடைய விட முடியுமா, கம்பெனிங்க தனியா கிளீன் காப்பி போட்டாங்க. அந்த முத்திரைக்கான சண்ட 1985லயே ஆரம்பிச்சுது, டிப்பர் கோர்ங்குற அம்மா தன் 11 வயசுப் பொண்ணு பிரின்ஸ்ங்குற பாடகரோட ஆல்பம் கேக்குறத பாத்துட்டு ஷாக் ஆயி கெளம்புனது. என் பையனுக்கும் அதே வயசு, அந்த அம்மா மேல எனக்கு இப்ப லேசா ஒரு பாசம்.

சரி நம்ம ஊரு கதைக்கு வர்றேன், எனக்கு கடுப்பே இங்கதான். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் ராப்புல ஒரு வார்த்த புரியாது, அது எல்லாம் பிளாக். போன வெள்ளிக்கிழம மத்திய கைலாஷ் சிக்னல்ல நிக்குறப்ப ஆப் அதுவா ஒரு தமிழ் குத்துப் பாட்டு போட்டுச்சு, வரிக்கு வரி டபுள் மீனிங், கட்டமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, ஃபில்டர் பல்ல இளிச்சுக்கிட்டு உள்ள விட்டுடுச்சு. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. சிக்னல் 90 செகண்டு. ஏன்னா அந்தக் கட்டத்த ஆப்பு கேட்டுப் பாத்துப் போடுறதில்ல, பாட்ட ஏத்துற கம்பெனி போட்டாத்தான் உண்டு. சென்சார் போர்டும் சர்டிபிகேட் குடுக்குறது படத்துக்குத்தான், ஆடியோவுக்கு இல்ல, அதனால தியேட்டர்ல மியூட் ஆன வார்த்த போன்ல முழுசா வரும். மியூட் பண்ணாலும் பெரிசா பிரயோஜனம் இல்லைங்குறது வேற விஷயம், 2015 டிசம்பர்ல வெள்ளம் வடிஞ்ச கையோட வந்த பீப் சாங் ஞாபகம் இருக்கா, பீப் போட்டதாலதான் அந்த வார்த்த ஊருக்கே பளிச்சுனு கேட்டுச்சு.

கிளீன் ஆல்பத்துக்கு 5க்கு 3, நல்லா வெட்டுனது எல்லாம் நெசமாவே நல்லாருக்கு. ஃபில்டருக்கு 1, அதுவும் இங்கிலீஷ் பாட்டுக்காக. கட்டம் இல்லாத தமிழ்ப் பாட்டு 14 லிஸ்ட் போட்டு கஸ்டமர் கேருக்கு அனுப்பிருக்கேன். "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரு ஆட்டோ ரிப்ளை, கீழ 'உங்களுக்காக'ன்னு ஒரு பிளேலிஸ்ட், அதுல மொதல் பாட்டே சிக்னல்ல ஓடுன அந்தப் பாட்டுதான்.