பிரேக் அளக்க ஃபைஃபாக்ஸ்: செயலி நல்லதுதான், போன்தான் ஏமாற்றுகிறது

பேட் மாற்றிய பிறகு வண்டி நிஜமாகவே சீக்கிரம் நிற்கிறதா, இல்லை செலவு செய்த நினைப்பா என்று ஒரு நண்பர் கேட்டார். இதற்கு ஃபைஃபாக்ஸ் போதும். போனிலுள்ள உணரிகளை வைத்தே அளக்கும், ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவசச் செயலி. எடுத்த அளவை எக்செல் கோப்பாகவே தந்துவிடும்.

எரிச்சல் ஒரே இடத்தில். அதில் முடுக்கம் இரண்டு விதம்: புவியீர்ப்பு சேர்த்தது, நீக்கியது. எல்லோரும் நீக்கியதைத்தான் தொடுவார்கள். கைரோ (போன் திரும்புவதை அளக்கும் உணரி) இல்லாத மலிவு போனில் அது படுமோசம். எது பிரேக், எது புவியீர்ப்பு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. மாறாமல் நீடிப்பதெல்லாம் புவியீர்ப்புதான் என்று கழித்துக்கொண்டே போகும். ஒரே அழுத்தமாக மூன்று விநாடி மிதித்தாலும் கோடு பாதியிலேயே சரியும். நின்ற வண்டி முன்னால் பாய்வதுபோல எதிர்ப்பக்கம் ஒரு மேடு வேறு! பேட் பிடி விடுகிறது என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

ஆகவே ‘சேர்த்தது’தான். போனின் தலைப்பக்கம் வண்டியின் முன்புறம் பார்க்க, வண்டிக்குள் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். டேஷ்போர்டு ஹோல்டர் ஆடும். நின்ற நிலையில் பத்து விநாடி பதிந்து, அந்த ஒய் அச்சுச் (போனின் நீளவாக்கு) சராசரியைக் கழியுங்கள். ஆளில்லாத சாலையில் மணிக்கு 60 கி.மீ.யிலிருந்து, போக மூன்று, வர மூன்று. சரிவின் பிழை சராசரியில் அடிபட்டுப்போகும். வரைகோட்டின் உச்சியை எடுக்காதீர்கள், நிற்கும்போது விழும் குலுக்கல் அது. நடுவில் உள்ள சமவெளிதான் கணக்கு.

வண்டி மூக்கைக் கவிழ்ப்பதால் ஒரு பிழை மிஞ்சும்: 2 டிகிரிக்கு 0.34 மீ/வி² கூடுதலாகக் காட்டும். அதே வண்டியில் முன்–பின் ஒப்பிட இது பொருட்டில்லை.

ஜிபிஎஸ்ஸை நம்பி இறங்க வேண்டாம். 60 கி.மீ. என்றால் 16.7 மீ/வி, எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) 7 மீ/வி² என்றால் 2.4 விநாடியில் வண்டி நின்றுவிடும். விநாடிக்கு ஒரு புள்ளி வைத்து அதில் என்ன கோடு வரைவது? மிதிப்பதற்கு முந்தைய வேகத்தை எடுக்க மட்டும் அது உதவும். வரைகோட்டின் கீழுள்ள பரப்பு அந்த வேகத்துக்குச் சமமாக வரவேண்டும். வராத ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள்.

மிதித்த இடத்திலிருந்து நின்ற தூரத்தை அளவு டேப்பால் அளந்து, வேகத்தின் வர்க்கத்தை அதன் இருமடங்கால் வகுப்பது பழைய வழி. வழி சரி, ஸ்பீடோமீட்டர்தான் கூட்டிச் சொல்லும். முள் 60இல் நிற்க நிஜ வேகம் 56 என்றால், 7 ஆக வரவேண்டிய விடை 8 ஆகிவிடும்.

அதைவிட இந்தச் செயலி எவ்வளவோ மேல். இருந்தும் ஐந்துக்கு மூன்றுதான். ‘நீக்கியது’ என்ற அந்த ஒரு வரிக்காக.