அம்பாசிடர் கதவுக்குப் புது பின், புஷ் போட்டதாகச் சொல்லி வெல்டிங் பொட்டு வைத்துத் தருகிறார்கள், கவனம்

நாகர்கோவில் சுற்று வட்டாரத்தில் அம்பாசிடர், பத்மினி கார் வைத்திருப்பவர்கள் கதவுக் கீல் வேலைக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறைப் பெயர் போடவில்லை, ஏனென்றால் இந்த வேலையை இப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

எங்களுடையது அப்பா வாங்கிய மார்க் 4 அம்பாசிடர். டிரைவர் பக்கக் கதவு தொங்கிப்போய், தூக்கிச் சாத்தினால்தான் லாக் விழும் என்ற நிலை. பட்டறைக்காரர் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மேலயும் கீழயும் பின் தேஞ்சு போச்சு அண்ணே, பித்தளை புஷ் அடிச்சு புது பின் போட்டுருவோம்" என்றார். பின் என்றால் கீலைக் கோத்துப் பிடிக்கும் கம்பி, புஷ் என்றால் கீல் ஓட்டைக்குள் அந்தப் பின்னைச் சுற்றி இறங்கும் சின்னக் குழாய். 2014-லேயே கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது, பார்ட்ஸ் கிடைக்காது, லேத்தில் கடைந்துதான் போடணும் என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கினார். பில்லில் பின், புஷ், லேத் கூலி எல்லாம் தனித்தனி வரி. வண்டி கைக்கு வந்தபோது கதவு அழகாகச் சாத்தியது.

ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் டீ குடிக்க நிறுத்திக் கதவைத் திறந்தேன், அந்தப் பக்கத்துக் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும், கதவைப் பிடுங்கி வீசியது, மேல் கீலில் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கதவு பழையபடி தொங்கிவிட்டது, லாக்கே விழவில்லை. அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து கதவைக் கயிறு போட்டு இழுத்துப் பிடித்தபடி வர, உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். ஓட்டத்தில் வளைவில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் மார்த்தாண்டத்தில் ஒரு வயதான லேத்காரரிடம் கொண்டுபோனேன். கதவை இறக்கி, கீலில் அப்பியிருந்த கிரீஸை வழித்துவிட்டு, "இது புது பின் இல்ல மக்களே, பழசுதான், பாரு" என்று கையில் வைத்தார். நடுவில் இடுப்பு மாதிரி தேய்ந்த பின். தலையில் மட்டும் ஒரு வெல்டிங் பொட்டு, ஆட்டம் தெரியாமல் இருக்க. காற்றில் விட்டது அந்தப் பொட்டுதான். பித்தளை என்று ஒரு துணுக்குகூட உள்ளே இல்லை. கீல் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டிருந்தது, அதில் புது பின்னே போட்டிருந்தாலும் ஆடத்தான் செய்யும், ஓட்டையை ரீமர் என்ற குடையும் கருவி விட்டு வட்டமாக்கி அந்த அளவுக்குப் புஷ்ஷோ கொஞ்சம் பருத்த பின்னோ போடுவதுதான் வேலை. இதைவிட மோசம், கதவு வந்து சாத்தும் பாடித் தூணில், லாக் மாட்டிக்கொள்ளும் லாக் பிளேட்டின் ஸ்க்ரூ ஓட்டைகளை அரம் போட்டு நீட்டி, தொங்கும் கதவுக்குத் தக்கபடி பிளேட்டைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். வெல்டிங் சூட்டில் கீல் பக்கத்துப் பெயிண்ட் வெந்து, நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு அதற்குள் துருவும் ஏறிவிட்டது.

பட்டறைக்குப் போய்க் கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் அண்ணே, காத்து அடிச்சா நாங்க என்ன செய்ய" என்கிறார். போடாத புஷ்ஷுக்கு எதற்குக் காசு வாங்கினாய் என்றால் பதில் இல்லை. ஃப்ரீயாகத் திரும்பச் செய்து தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், இன்னொருவர் கீல் இணைப்பில் விரல் வைத்திருக்கட்டும். விரலுக்கு அசைவு தெரிந்தால் பின் வேலை நடக்கவில்லை. கீல் அசையாமல் தூண் தகடு அசைந்தால் அது துரு, வேறு வேலை. லாக் பிளேட்டைக் கழற்றிவிட்டும் கதவைச் சாத்திப் பாருங்கள், வேலை சரியாக நடந்திருந்தால் பின்கதவோடு கோடு அப்போதும் சேரும். எங்கள் வண்டியில் சேர்ந்திருக்காது. பழைய பின்னைக் கேளுங்கள், குப்பையில் போட்டாச்சு என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காமல் கிரீஸைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.