மூன்று ஜோடியா, நான்கு ஜோடியா: எந்த பூஸூக்கி வாங்கலாம்?

கிரேக்கத்துத் தந்தி வாத்தியமான பூஸூக்கி வாங்கப் போகிறவர்கள் திகைத்து நிற்பது ஒரே இடத்தில்தான்: ஆறு தந்தியா, எட்டுத் தந்தியா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நீண்ட தண்டி, மரப்பட்டிகளை வளைத்து ஒட்டிய, பேரிக்காயைப் பாதியாக வெட்டியது போன்ற குடம். வாசிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆறு தந்தி உள்ளது த்ரிஹோர்தோ. இரண்டிரண்டாக மூன்று ஜோடி, சுருதி ரே-லா-ரே. நம் கணக்கில் சொன்னால் ச-ப-ச. 1930களில் பிரேயஸ் துறைமுகத்தில் மார்கோஸ் வம்வகாரிஸ் ரெபெடிகோ என்ற கிரேக்க நகர்ப்புறப் பாட்டுகளை வாசித்தது இதில்தான். விரல் மேல் ஜோடியில் ஏறி இறங்கும்போது மற்ற தந்திகள் அடியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். கீழ் ஜோடியில் ஒன்று தடித்த தந்தி, மற்றது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே; ஒரே மீட்டலில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் விரிக்கும் தக்ஸிமியை இதில் கேட்டால் ஆலாபனை கேட்டுப் பழகிய காது உடனே நிமிர்ந்து உட்காரும். ஹிட்ஸாஸ்கியார் என்று கிரேக்கர்கள் சொல்லும் ஸ்வர வரிசையில் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள் அப்படியே இருக்கின்றன.

எட்டுத் தந்தி தெத்ராஹோர்தோவை 1950களில் பரப்பியவர் பூஸூக்கிக் கலைஞர் மனோலிஸ் ஹியோடிஸ். சுருதி தோ-ஃபா-லா-ரே. கிடாரின் மேல் நான்கு தந்திகளை இரண்டு மெட்டு (ஃப்ரெட்) அளவு இறக்கினால் இதே சுருதி வந்துவிடும். அதனால் கிடார் தெரிந்தவருக்குக் கார்டுகள் முதல் நாளே கைவரும். வேகமான சங்கதிகளுக்குக் கை அதிகம் அலைய வேண்டாம். இன்று அதிகம் புழங்குவதும் இதுதான்.

அப்புறம் ஏன் நான் ஆறு தந்தியையே சிபாரிசு செய்கிறேன்? நான்கு ஜோடியில் அந்த ரீங்காரம் போய்விடுகிறது. பழைய ரெபெடிகோவில் மனம் பறிகொடுத்து வருகிறவருக்கு அது பெரிய இழப்பு. ஹியோடிஸின் பாணியும் அதற்குப் பின் வந்த பாட்டுகளும்தான் ஆசை என்றால், சரி, தயங்காமல் எட்டுத் தந்தி வாங்குங்கள்.

இதே குடும்பத்தில் சின்னக் குடம் உள்ள ட்சூராஸுக்கும் த்ரிஹோர்தோவின் சுருதிதான். கோட்டுக்குள் ஒளித்துவைக்கும் அளவே உள்ள பக்லமாஸ் ஒரு ஸ்தாயி மேலே பேசும். துணைக்கு அருமையானது, முதல் கருவியாக வேண்டாம்.

எதை எடுத்தாலும், குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பாருங்கள். அது ஒட்டப்பட்டிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். பிறகு அதே மெட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையைத் தண்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். குதிரை இடம் மாறிவிடும்.