புதுக் கப்பலில் ஏறுவதா, ஓராண்டு பொறுப்பதா: மூன்று கடற்பயணங்களின் அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, நானும் என் மனைவியும் மூன்று சொகுசுக் கப்பல்களில் பயணம் செய்திருக்கிறோம். 2023இல் சென்னையிலிருந்து இலங்கைக்கு எங்களை அழைத்துச் சென்ற எம்ப்ரஸ், 1990இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல். 2024 தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் சென்ற ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ், 2019இல் சேவைக்கு வந்தது. 2025இல் மகள் வீட்டுக்கு ஃபுளோரிடா போயிருந்தபோது ஏறியதோ சேவைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த புத்தம் புதிய கப்பல். இந்த மூன்றாவது கப்பலின் பெயரை நான் எழுதவில்லை. அதில் நாங்கள் கண்ட குறைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, புதிதாக ஓடத் தொடங்கும் எந்தப் பெரிய கப்பலிலும் எதிர்பார்க்க வேண்டியவை.

ஓசூர், தருமபுரிப் பக்கத்து நண்பர்கள் பயணத்துக்குத் திட்டமிடும்போது என்னிடம் முதலில் கேட்பது, "கப்பல் புதுசா இருந்தா நல்லதுதானே?" என்பதுதான். கப்பலின் இரும்பு புதிதாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதை இயக்கும் மனிதர்களும் அதன் குழாய்களும் கதவுகளும் ஒன்றோடொன்று பழகி ஓடத் தொடங்க ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை பிடிக்கிறது என்பதும், அந்தப் பழக்கக் காலத்தில் அதிகக் கட்டணம் கொடுத்து ஏறுவது நம்மைப் போல ஆயுளில் இரண்டு மூன்று முறை மட்டுமே கப்பலேறும் குடும்பங்களுக்கு உகந்ததல்ல என்பதும் என் உறுதியான கருத்து.

இதை நான் ஆலை அனுபவத்திலிருந்தே புரிந்துகொண்டேன். எங்கள் ஆலையில் பழக்கூழைச் சுண்டவைக்கும் புது இயந்திரத்தை நிறுவிய ஆண்டில், தண்ணீர் விட்டு வெறுமனே ஓட்டிப் பார்த்தபோது ஒரு கோளாறும் தெரியவில்லை. பெங்களூரா மாம்பழத்தின் முதல் லோடு உள்ளே போன அன்றுதான் மூன்று இணைப்புகளில் கசிவு கண்டது. கப்பலும் அப்படியே. கட்டுமானத் தளத்திலிருந்து கடலில் சோதனை ஓட்டம் நடத்துகிறார்கள், பிறகு ஊழியர்களையும் பயண முகவர்களையும் ஏற்றி ஒத்திகைப் பயணமும் நடத்துகிறார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் குளித்து, ஒரே நேரத்தில் மின்தூக்கிக்குக் காத்திருந்து, ஒரே நேரத்தில் காலை உணவுக்கு வரும் சுமை என்பது கட்டணம் செலுத்திய பயணிகள் ஏறிய பிறகுதான் உண்மையில் தெரியவருகிறது.

அந்தப் புதுக் கப்பலில் இரண்டாம் நாள் காலை என் மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் வடியாமல் கணுக்கால் அளவுக்குத் தேங்கி, கப்பல் ஒரு பக்கம் சற்றே சாய்ந்ததும் வாசற்படியைத் தாண்டி அறையின் கம்பளத்துக்கு வந்துவிட்டது. தொலைபேசியில் சொன்ன இருபது நிமிடத்தில் கோவாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்தார். தரையில் இருந்த சல்லடை மூடியைத் திருகி எடுத்துவிட்டு, நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றியபோது, மடித்த வெற்றிலை அளவுக்கு ஒரு நீல நிற பிளாஸ்டிக் தாள் வெளியே வந்தது. புதுத் தகடுகளின் மேல் கீறல் விழாமலிருக்க ஒட்டி அனுப்பும் அதே தாள்தான் அது. இன்றைய கப்பல்களில் கேபின்களும் குளியலறைகளும் தொழிற்சாலையில் முழுதாகச் செய்து முடிக்கப்பட்டு, பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குள் தள்ளிப் பொருத்தப்படுகின்றன. அந்த வேலையில் உரித்தெடுத்த தாள் குழாய்க்குள் விழுந்திருக்கிறது. "இந்த வாரத்தில் இது பதினோராவது அறை ஐயா" என்று அவர் இந்தியில் சொன்னார். கம்பளத்தை உலர்த்த ஒரு மின்விசிறியை வைத்துவிட்டுப் போனார்கள். அது இரவு முழுவதும் ஓடியது. யாரும் அலட்சியம் காட்டவில்லை, எல்லோரும் கனிவாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் ஏழு இரவுப் பயணத்தில் ஓர் இரவுத் தூக்கம் போய்விட்டது.

உணவுக்கூடத்திலும் இதே நிலைதான். முதல் இரவு உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பணியாளர்களில் பெரும்பாலோர் அதே நிறுவனத்தின் வேறு கப்பல்களிலிருந்து வந்த அனுபவசாலிகள், திறமைக்குக் குறைவில்லை. ஆனால் இந்தக் கப்பலின் சமையலறைக்கும் மேசைக்கும் இடையே எந்த வழி குறுக்கு வழி, எந்த நேரத்தில் எந்த வாசல் நெரிசலாகும் என்பது அவர்களுக்கே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அதே உணவு ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. ஐந்து வயதை நெருங்கியிருந்த சிங்கப்பூர்க் கப்பலில் இந்தத் தடுமாற்றம் எதையும் நாங்கள் காணவில்லை. முதல் நாளே சைவ உணவு என்று ஒரு முறை சொன்னதை, கடைசி நாள் வரை யாரும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்து, புதுக் கப்பல் என்றால் இப்போது பெரும்பாலும் மிகப் பெரிய கப்பல் என்று பொருள். 2024 ஜனவரி 27 அன்று மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ், ஏறத்தாழ 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. அதன் அளவு 2,48,663 டன். இந்த டன் எடையைக் குறிப்பதல்ல, கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் பரிமாணத்தைக் குறிப்பது. இந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு தலைக்கு எவ்வளவு இடம் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். அறைக்கு இருவர் என்ற கணக்கில் அந்தக் கப்பலில் 5,610 பேர், அப்படியானால் தலைக்கு 44. ஆனால் பள்ளி விடுமுறையில் மேல்கட்டில்களும் சோபாக் கட்டில்களும் நிரம்பி, அதிகபட்சமான 7,600 பேர் ஏறினால் அதே கணக்கு 33க்கு இறங்கிவிடுகிறது. ஒரே கப்பல், ஆனால் பள்ளி விடுமுறையில் போகிறவருக்கும் பள்ளி நடக்கும் நாட்களில் போகிறவருக்கும் கிடைக்கும் இடம் ஒன்றல்ல. விளம்பரத்தில் கப்பலின் நீளத்தைப் பார்ப்பதைவிட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

பெரிய கப்பலில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது, கடல் விலகிப் போனதுதான். நாங்கள் கடலில்லாத மாவட்டத்துக்காரர்கள். தண்ணீர் விரிந்து கிடப்பதைப் பார்க்க எங்களுக்கு கே.ஆர்.பி. அணைதான் இருக்கிறது. எம்ப்ரஸ் கப்பலில் திருகோணமலையை நெருங்கிய விடியற்காலையில், திறந்த தளத்தின் கம்பியைப் பிடித்தபடி நின்று, கருமையாக இருந்த மலைவரிசை மெல்லப் பச்சையாவதை என் மனைவியும் நானும் முக்கால் மணி நேரம் பேசாமல் பார்த்தோம். புதுக் கப்பலில் நீர்ச்சறுக்குகளும் அரங்கங்களும் கடைவீதியும் இருந்தன, பேரப்பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கடலைப் பார்த்து அமைதியாக உட்கார ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

இதனோடு சேர்ந்த முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பால்கனி என்றால் கடல் தெரியும் என்று நம்மவர்கள் நினைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் முதல், சில பெருங்கப்பல்களில் நடுப்பகுதி திறந்தவெளியாக அமைக்கப்பட்டு, பல பால்கனிகள் கப்பலின் உள்ளேயே இருக்கும் பூங்காவையோ நடைவீதியையோ நோக்கி இருக்கின்றன. அவை மலிவாகக் கிடைக்கும், பூங்காவைப் பார்ப்பதும் இனிமைதான். ஆனால் கடலுக்காகப் போகிறவர் "கடல் பார்த்த பால்கனி" என்று முகவரிடம் எழுத்தில் உறுதி பெற வேண்டும்.

கேபின் தேர்வில், ஒகேனக்கல் பரிசல்காரர்கள் சொல்வதையே நான் பின்பற்றுகிறேன்: தாழ உட்கார், நடுவில் உட்கார். கப்பலிலும் முன்பின் ஆட்டமும் பக்க ஆட்டமும் மிகக் குறைவாக உணரப்படுவது நீளத்தின் நடுவிலும் கீழ்த்தளங்களிலும்தான். உயரத்தில் இருக்கும் விலை கூடிய அறைக்கு ஆட்டமும் கூடுதல். பழைய கப்பலில் எந்த அறை இரைச்சலானது என்று முன்பு போனவர்கள் சொல்லிவிடுவார்கள். புதுக் கப்பலுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆகவே தள வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியுமுன் நாற்காலிகளை இழுக்கும் ஓசையும், கீழே அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை தாள ஓசையும் வந்து சேரும். பக்கத்து அறையோடு இணைப்புக் கதவு உள்ள அறையையும் தவிர்க்கலாம்.

பாதுகாப்பு ஒத்திகையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதன் பிறகு, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்பாகவோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்துவது கட்டாயமாகியிருக்கிறது. புதுக் கப்பல்களில் இது எளிதாக்கப்பட்டு, கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் நீங்கள் திரள வேண்டிய கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. எளிது என்பதற்காக அதோடு விட்டுவிடக் கூடாது. பணியாளர்களுக்கே கப்பல் புதிது என்பதால், அறையிலிருந்து கூடுமிடம் வரை மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் படிக்கட்டிலேயே ஒரு முறை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். எங்கள் தளத்தில் ஒரு படிக்கட்டின் வழிகாட்டிப் பலகை எதிர்த்திசையைக் காட்டியது, சொன்னவுடன் மாற்றினார்கள்.

முதல் பயணத்துக்கே சீட்டு வாங்க நினைப்பவர்கள், கப்பல் குறித்த நாளில் வராமலே போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரி 8 அன்று தொடங்கவிருந்த சன் பிரின்சஸின் முதல் பயணம் அந்த மாதம் 28க்குப் போனது. சிங்கப்பூரிலிருந்து 2025 டிசம்பர் 15 அன்று புறப்படுவதாக இருந்த டிஸ்னி அட்வெஞ்சர், 2026 மார்ச் 10க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இப்படி நேரும்போது கப்பல் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பெங்களூருவிலிருந்து தனியாக வாங்கிய விமானச் சீட்டும், அலுவலகத்தில் போராடி வாங்கிய விடுப்பும் அவ்வளவு எளிதில் திரும்பா. விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடிய வகையில் வாங்குவதும், கப்பல் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே துறைமுக நகரத்தில் இருப்பதும் என் வழக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச்சேர்வதற்குள்ளேயே பெங்களூரு நெரிசல் பாதி நாளைத் தின்றுவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் போய்த் திரும்புவதால், புறப்படும் நாட்டின் விசா மறுபடி உள்ளே வர அனுமதிப்பதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் (ஏரோபிளேன் மோட்) வைக்காவிட்டால், கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் அது தானாக இணைந்து பெரும் கட்டணம் வந்துவிடும். பணியாளர் அன்பளிப்பு பல கப்பல்களில் நபருக்கு நாளொன்றுக்கு என்று கணக்கில் தானாகவே சேர்க்கப்படுகிறது. அதைக் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்த பிறகே இரண்டு கப்பல்களை விலை ஒப்பிட வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் அனுமதிப்பதில்லை. வீட்டில் சமைத்த உணவும் கூடாது, ஆனால் கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத பருப்புப்பொடிப் பொட்டலத்தை எங்கள் மூன்று கப்பல்களிலும் யாரும் தடுக்கவில்லை. சுடுசோறும் நெய்யும் கேட்டால் கிடைக்கும். களி கிடைக்காது என்பதால், பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ராகி பிஸ்கட்டாவது எடுத்துச் செல்வது நல்லது.

என் மகள், நாங்கள் ஏறிய அதே புதுக் கப்பலில் ஏறத்தாழ பத்து மாதம் கழித்து மறுபடி சென்றாள். வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் மாற்றப்பட்டிருந்ததாகவும், இரவு உணவு முதல் நாளே ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்ததாகவும், நாங்கள் போனபோது தாழ்வாரங்களில் கருவிப்பெட்டியோடு நடமாடிக்கொண்டிருந்த கட்டுமானத் தள ஊழியர்கள் ஒருவரையும் காணவில்லை என்றும் சொன்னாள். கட்டணமும் நாங்கள் கொடுத்ததைவிடக் குறைவு. இதைக் கேட்ட பிறகு, அடுத்த பயணத்துக்கு சிங்கப்பூரிலிருந்து புறப்படும், குறைந்தது இரண்டு ஆண்டாவது ஓடிய ஒரு கப்பலைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாம்பழப் பருவம் முடிந்து பள்ளிகள் திறந்த பிறகு, ஆகஸ்டில் போவதாக முடிவு. கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில், கடல் பார்த்த அறை வேண்டும் என்று முகவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். நடந்தபடி கடலைப் பார்க்கச் சுற்றிலும் திறந்த தளம் இருக்கிறதா என்று என் மனைவி தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.