முறைப்பாடா, தகவல் விண்ணப்பமா?

எங்கள் குளத்துக்குப் போகும் வீதிக்குக் கிரவல் கொட்டி, முதல் மாரியிலேயே டிரக்டர் சில்லு புதையத் தொடங்கியது. வேலையில் களவு நடந்ததோ என்ற சந்தேகத்தில் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இரண்டு வழிகள் பேசப்பட்டன. இலஞ்ச ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுவது ஒன்று. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வேலையின் கோவையைக் கேட்பது மற்றது. நான் இரண்டாவதற்குக் கை தூக்கினேன். இன்றைக்கும் அதே பக்கம்தான்.

ஆணைக்குழுவின் பலம் தெரிந்ததுதான். 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும். 2023இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி, யாரும் முறையிடாமலே அது தானாக விசாரணை தொடங்கலாம். வழக்குப் போடலாம், அது வென்றால் நீதிமன்றம் ஆளை மறியலுக்கு அனுப்பலாம். தகவல் விண்ணப்பத்தால் அது முடியாது. ஆனால் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டால் எங்களிடம் காட்ட இருந்தது பள்ளம் மட்டும்தான். கூட்டத்தில் ஒரு ஐயா சொன்னார்: "தம்பி, கள்ளனைப் பிடிக்க முதல் என்ன களவு போனதெண்டு தெரிய வேண்டாமோ?"

முதல் விண்ணப்பத்தைச் சொதப்பினோம். 'இந்த வேலையில் ஊழல் நடந்ததா?' என்று எழுதிவிட்டோம். அதற்கு எந்த அலுவலகம் பதில் தரும்? கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். இரண்டாம் முறை மதிப்பீடு, அளவெடுத்த தாள், பணம் கொடுத்த வவுச்சர் மூன்றின் நகலையும் கேட்டோம். "ஏன் கேக்கிறீங்கள்?" என்றார் உத்தியோகத்தர். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

கிடைத்த தாளில், றோலர் போட்ட பிறகு கிரவலின் தடிப்பு 6 அங்குலம் என்று இருந்தது. மண்வெட்டியால் மூன்று இடத்தில் வெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தோம். இரண்டு இடத்தில் மூன்றரை, ஓரிடத்தில் 4. மழை கரைத்துவிட்டது என்றார் ஒப்பந்தகாரர். மழைக்கும் அடிமட்டம் வைத்துக் கரைக்கத் தெரியும் போல! இரண்டு மாதத்தில் கிரவலோடு டிப்பர் திரும்பி வந்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கணக்கு: மேலே ஆள் மாறினால் எது நிற்கும்? மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவைப் பாருங்கள். குற்றங்களையும் ஊழலையும் விசாரிக்க ஐ.நா. ஆதரவோடு 2007இல் ஒரு சர்வதேச ஆணைக்குழு வந்தது. 2015இல் அது கிண்டிய சுங்க மோசடி வழக்கில் ஜனாதிபதி பெரெஸ் மொலினாவே பதவி விலகிச் சிறைக்குப் போனார். அடுத்து வந்த ஜிம்மி மொராலெஸின் தேர்தல் பணத்தை அது கிண்டியதும் அவர் அதன் காலத்தை நீடிக்க மறுத்தார். 2019 செப்டம்பரில் பூட்டிவிட்டார்கள். ஒரு கையெழுத்தில் நிற்கிற அமைப்பு ஒரு கையெழுத்தில் விழும். தகவல் சட்டத்தையும் நாளைக்கு வெட்டிக் குறைக்கலாம்தான். ஆனால் ஊரார் கையில் வந்துவிட்ட நகலை யார் திருப்பி வாங்குவது?

உக்ரைனில் 2016 முதல் அரச கொள்வனவு 'புரோசோரோ' என்ற இணையத் தளத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது. போர்க்காலத்தில் பாதுகாப்பு அமைச்சின் ஒப்பந்தங்களை மூடினார்கள். 2023 தொடக்கத்தில் வெளியே வந்த அப்படியொரு மூடிய ஒப்பந்தத்தில், கடையில் ஏழு ஹிரிவ்னியா (உக்ரைன் பணம்) அளவில் விற்ற முட்டைக்கு 17 போட்டிருந்தது.

சரி, சட்டத்தையே வளைத்து அரசைக் கைக்குள் போடுகிறவர்களுக்கு இது போதுமா? இலங்கையில் 2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கியது வர்த்தமானியிலேயே வந்தது. ஒளித்த தாள் ஒன்றுமில்லை. கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவுமில்லை. அந்த மாதிரி இடத்தில் கணக்காய்வாளரும் வழக்கும் வேண்டும், அங்கே இலஞ்ச ஆணைக்குழுப் பக்கம்தான் நானும் நிற்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு முறைப்பாடு நீதிமன்றம் வரை போய் நான் பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சிறுபோகத்துக்கு முதல் வாய்க்கால் திருத்தம் வருகிறதாம். இம்முறை டிப்பர் வர முன்னமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம்.